பரோட்டா குடலில் மூன்று நாள் ஒட்டிக்கொண்டிருக்குமா?

வைகை வடகரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. மைதாவில் செய்த பரோட்டா குடலின் சுவரில் பசையாக ஒட்டிக்கொண்டு மூன்று நாள் வரை செரிக்காமல் கிடக்கும் என்பது அதன் சாரம். நள்ளிரவிலும் தோசைக்கல் ஆறாத ஊரில் குடியிருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பாடநூலில் செரிமான மண்டலப் பகுதியைப் புரட்டிப் பார்த்தேன். குடலில் உணவு ஒட்டும் என்றும் அதில் இல்லை, ஒட்டாது என்றும் இல்லை. பரோட்டா நல்லதா கெட்டதா என்பது என் கேள்வி அன்று. வாயில் போட்ட ஒரு துண்டு எந்த உறுப்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது, அங்கே அதற்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கள்ளிக்குடிக்காரன்

இதில் விளக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். மதுரையில் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் வாளியில் கரைத்துக் காய்ச்சிக்கொண்டு வருவது மைதாவைத்தான். மாசி வீதிகளின் சுவர்களில் பழைய சுவரொட்டியின் மேல் புதியதை ஒட்டி, அதன் மேல் இன்னொன்றை ஒட்டி, கடைசியில் சுரண்டினாலும் வராத அளவுக்குத் தடித்துப்போன தாள்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செங்கல் சுவரில் அப்படி ஒட்டுகிற மாவு வயிற்றுக்குள் போனால் மட்டும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதை நான் ஏற்பதற்கில்லை. கேப்பைக் களியும் கம்மங்கூழும் உண்ட தலைமுறைக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

விலங்கியல் வாத்தியார், திருமங்கலம்

கள்ளிக்குடித் தம்பி எடுத்துக்கொண்ட பசையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. மைதாவில் மிகுதியாக இருப்பது ஸ்டார்ச் எனப்படும் மாவுச்சத்து. குளுக்கோஸ் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி அது. தண்ணீரில் காய்ச்சும்போது அந்தச் சங்கிலிகள் விரிந்து நீரைப் பிடித்துக்கொண்டு கூழாகின்றன. அந்தக் கூழைச் சொரசொரப்பான சுவரில் தடவி, அதிலுள்ள நீர் வெயிலில் வற்றும்போதுதான் தாளும் சுவரும் பிடித்துக்கொள்கின்றன. அதாவது பசை ஒட்டுவதற்குச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும், நீர் வற்ற வேண்டும். குடலுக்குள் இந்த இரண்டில் ஒன்றுகூட நடப்பதில்லை.

சங்கிலி அறுபடும் வேலை வாயிலேயே தொடங்கிவிடுகிறது. காதுக்கு முன்புறமும், தாடைக்கு அடியிலும், நாக்குக்கு அடியிலும் இணை இணையாக அமைந்த மூன்று சோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதிலுள்ள அமிலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை நறுக்கி மால்டோஸ் போன்ற சிறு சர்க்கரைகளாக்குகிறது. ஐயமுள்ளவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுவரொட்டிக்குக் காய்ச்சுவதுபோல நீர்த்த மைதாக் கஞ்சி காய்ச்சி நன்றாக ஆறவிட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் கொஞ்சம் உமிழ்நீரைக் கலந்து வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். சற்று நேரத்தில் உமிழ்நீர் கலந்த கஞ்சி நீர்த்துப் போயிருக்கும். இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால், ஒன்று கருநீலமாகும். மற்றொன்றில் அந்த நிறம் மங்கும், அல்லது வரவே வராது. இதைப் பள்ளி ஆய்வகத்தில் செய்துகாட்டியபோதெல்லாம், பாடத்தைக் கவனிக்காத பையன்கள்கூட எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி மூச்சுக்குழலை மறைத்துக்கொள்ள, கவளம் உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்தக் குழாய் வெறும் வழி மட்டுமே. செரிமானம் எதுவும் அங்கே நடப்பதில்லை. மேலிருந்து கீழாகச் சுருங்கி விரியும் தசை அலை கவளத்தைச் சுமார் பத்து வினாடிகளுக்குள் இரைப்பைக்குத் தள்ளிவிடும். புவியீர்ப்பு துணை செய்கிறதே தவிர, அதை நம்பி இந்த வேலை நடப்பதில்லை. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இறங்குவது அதனால்தான்.

இரைப்பையைப் பற்றித்தான் நம்மிடையே மிகையான நம்பிக்கை இருக்கிறது. செரிமானம் என்றாலே எல்லோரும் வயிற்றின் மேற்பகுதியைத் தொட்டுக் காட்டுகிறார்கள். உண்மையில் இரைப்பை ஒரு சேமிப்பிடம், கடையும் இடம், கீழே எவ்வளவு விடுவது என்று தீர்மானிக்கும் காவலிடம். ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை தாராளமாக விரிந்துகொடுக்கும். சுவரிலுள்ள சில செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், வேறு சில பெப்சினோஜெனையும் சுரக்கின்றன; அமிலம் பட்டதும் பெப்சினோஜென் பெப்சினாக மாறிப் புரதத்தைத் துண்டாடத் தொடங்குகிறது. பரோட்டாவின் இழுவைத் தன்மைக்குக் காரணமான குளூட்டன் ஒரு புரதம். அதன் மீது முதல் வெட்டு விழுவது இங்கேதான். ஸ்டார்ச்சைப் பொறுத்தவரை, கவளத்தின் உட்பகுதிவரை அமிலம் ஊறும் வரையில் உமிழ்நீரின் அமிலேஸ் தன் வேலையைத் தொடர்கிறது. அமிலம் ஊறியதும் அது செயலிழக்கிறது. இரைப்பையின் கீழ்ப்பாதி நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை சுருங்கி உணவைக் கடைகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதான துகள்களை மட்டும் கீழ்வாய் சிறுகச் சிறுக வெளியே விடுகிறது. ஒரு சாதாரண உணவு இப்படி வெளியேற இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும்.

முதன்மையான வேலை அடுத்த உறுப்பில் நடக்கிறது. சிறுகுடலின் முதல் 25 செ.மீ. முன்சிறுகுடல். கணையத்திலிருந்தும் பித்தப்பையிலிருந்தும் வரும் நாளங்கள் அங்கே திறக்கின்றன. கணையநீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. அதிலுள்ள அமிலேஸ் எஞ்சிய ஸ்டார்ச்சை அறுக்கிறது. டிரிப்சின் புரதத்தையும், லைப்பேஸ் கொழுப்பையும் பிரிக்கின்றன. கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் நொதி எதுவும் இல்லை. எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடித்து லைப்பேஸுக்கு வழி செய்து கொடுப்பதே அதன் பங்கு. கடைசி வெட்டு குடலின் உட்சுவரிலேயே நடக்கிறது. மால்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ் ஆகியவை அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் நொதிகள். பரோட்டாவின் ஸ்டார்ச்சில் பெரும்பகுதி சிறுகுடலின் மேற்பாதியைத் தாண்டுவதற்குள் குளுக்கோஸாகி, செல்களுக்குள் புகுந்து, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைந்துவிடுகிறது. குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்ந்துவிட்ட பொருள் குடலில் எப்படி ஒட்டும்?

ஒத்தக்கடை ஸ்டால்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் பரோட்டாக் கடை நடத்துகிறவன் என்பதால் இந்த இழையை ஆர்வத்தோடு படித்தேன். என் பிழைப்புக்காகப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒட்டவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், இரவில் நான்கு பரோட்டா சாப்பிட்டவர் மறுநாள் காலை வரை பசியே எடுக்கவில்லை, வயிற்றில் கல்லைக் கட்டிப் போட்டதுபோல இருந்தது என்று என்னிடமே சொல்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை. சாதாரண பரோட்டாவைவிடப் பன் பரோட்டாவுக்கும், விருதுநகர்ப் பாணியில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்கும் இந்தக் குறை அதிகம் வருகிறது. மைதா ஒன்றுதான், பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விலங்கியல் வாத்தியார், திருமங்கலம்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. மாவு மாறவில்லை, எண்ணெய் மாறியிருக்கிறது. மாவைப் பிசையும்போது எண்ணெய், உருண்டையை ஊறவைக்கும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் வேகும்போது எண்ணெய், அதன் மேல் தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்ட சால்னா. பொரித்த வகையென்றால் சொல்லவே வேண்டாம்.

கொழுப்பு முன்சிறுகுடலை எட்டியதும், அதன் சுவரிலுள்ள சில செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது, கணையத்தை நொதி சுரக்க வைக்கிறது, இரைப்பையின் கீழ்வாயை இறுக்கி வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது, மூளைக்கு வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தியையும் அனுப்புகிறது. இவ்வளவையும் ஒரே ஹார்மோன் செய்கிறது. கொழுப்பைச் செரிக்க நேரம் பிடிக்கும் என்பதால், மேலே இருப்பதை நிறுத்திவைப்பது உடலுக்கு இலாபம். எனவே, வாடிக்கையாளர் உணரும் கனம் உண்மை. இடத்தை மட்டும் அவர் தவறாகக் கணிக்கிறார். உணவு குடலில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, குடலுக்குப் போக அனுமதி கிடைக்காமல் இரைப்பையில் காத்திருக்கிறது. நாலு மணி நேரத்தில் காலியாக வேண்டியது ஆறு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாள் அன்று.

பித்தப்பையில் கல் உள்ளவர்களுக்கு இத்தகைய உணவுக்குப் பிறகு வலப்பக்க மேல்வயிற்றில் வலி எழுவதும் இதே ஹார்மோனால்தான். சுருங்கும் பையின் வாயைக் கல் அடைத்துக்கொள்கிறது.

உங்கள் கடையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொத்து பரோட்டா போடும்போது கல்லில் எழும் அந்தத் தாள ஒலியைக் கேட்டதுமே தெருமுனையில் வருகிறவனுக்கு வாயில் நீர் ஊறுகிறதல்லவா, அப்போதே இரைப்பையிலும் அமிலம் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. மணம், காட்சி, ஓசை ஆகியவை மூளைக்குச் சென்று, அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்கு ஆணை போகிறது. ஒரு வேளை உணவுக்குச் சுரக்கும் அமிலத்தில் குறிப்பிடத்தக்க பங்கு, முதல் கவளம் உள்ளே இறங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிற இந்த ஏற்பாட்டைச் சேர்ந்தது. ருஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தின் உடலியலை ஆராய்ந்ததற்காகத்தான். நாய், மணி என்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பகுதி அந்த ஆய்வுகளின் கிளையாக வளர்ந்தது.

மேலூர்ச் செவிலி

வாத்தியார் ஐயா நூல்வழி சொன்னதற்கு, கண்ணால் பார்த்த சான்று ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். எண்டோஸ்கோப்பி அறையில் பணிபுரிகிறேன். குழாய்வழியே கேமராவைச் செலுத்தி உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றைத் திரையில் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. முந்தைய இரவு உணவுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல் காலையில் வருகிறவர்களின் இரைப்பை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். இளஞ்சிவப்பாக, ஈரமாக, கோழை பூசிப் பளபளக்கும் அந்தச் சுவரில் மாவுப் படலம் எதையும் கண்டதில்லை.

இதைவிட வலுவான சான்று பெருங்குடல் பரிசோதனைக்கான உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கொலனோஸ்கோப்பிக்கு முந்தைய சில நாள்களில் குடலில் எச்சம் விடாத உணவையே உண்ணச் சொல்வார்கள். கீரை, கொய்யா, தக்காளி விதை, முழுப் பயறு, கேழ்வரகு, கம்பு முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும். வெள்ளைச் சோறும், மைதாவில் செய்த வெள்ளை ரொட்டியும் உண்ணலாம். மைதா குடலில் ஒட்டும் பொருளாக இருந்தால், குடல் சுத்தமாக இருக்க வேண்டிய பரிசோதனைக்கு முன் அதை எந்த மருத்துவராவது அனுமதிப்பாரா? பேதி மருந்துக்குப் பிறகும் சில நேரங்களில் குடல் மடிப்புகளில் தங்கிக் கேமராவை மறைப்பவை கொய்யா விதையும் கீரை நாரும்தான்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களில் சிலருக்கு இரைப்பைக்குச் செல்லும் நரம்பு பழுதடைந்து, கடையும் தசை தளர்ந்துவிடும். அவர்களுக்கு முந்தைய நாள் உண்டது மறுநாளும் இரைப்பையில் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒட்டுவதால் அன்று, தள்ளும் விசை குறைவதால். இட்லி உண்டாலும் அவர்களுக்கு அதே நிலைதான். கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுவதும், பல மணி நேரத்துக்கு முன் உண்டது வாந்தியாக வருவதும் அதன் அறிகுறிகள்.

கள்ளிக்குடிக்காரன்

செவிலியம்மா சொன்ன உணவுக் கட்டுப்பாட்டை எங்கள் ஊரில் அந்தப் பரிசோதனை செய்துகொண்ட ஒருவரிடம் கேட்டேன். அவருக்கும் ரொட்டி உண்ணலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பசை வாதத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன். ஆனால், மூன்று நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நெருப்பில்லாமல் புகையுமா?

விலங்கியல் வாத்தியார், திருமங்கலம்

அந்தக் கணக்கில் ஒரு துளி உண்மை இருக்கிறது, தம்பி. வாயில் நுழைந்த உணவின் எச்சம் மலமாக வெளியேறும் வரை ஆகும் மொத்த நேரம் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை இருப்பது இயல்பு. இரைப்பையில் சில மணி நேரம், சுமார் 6 மீட்டர் நீளச் சிறுகுடலில் மூன்று முதல் ஆறு மணி நேரம், எஞ்சிய காலம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரே நீளமுள்ள பெருங்குடலில். நீளம் குறைந்த உறுப்பில்தான் தாமதம் அதிகம்.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. நாம் உண்பதிலும் பருகுவதிலுமாக இரண்டு லிட்டர், உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் ஆகியவற்றில் ஏழு லிட்டர் என்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்பது லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே மீட்டுவிடுகிறது. எஞ்சியதைப் பெருங்குடல் நிதானமாக உறிஞ்சி, கடைசியில் ஒன்று அல்லது இரண்டு டெசிலிட்டர் நீரை மட்டுமே மலத்தோடு விடுகிறது. அவசரப்பட்டால் பேதி, மிக நிதானித்தால் மலச்சிக்கல்.

இந்த இழையில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது இந்த இடம்தான். பெருங்குடலுக்கு வந்துசேரும் எச்சம் எது? நம் நொதிகளால் அறுக்க முடியாத நார்ச்சத்து. மைதா என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு எஞ்சும் பகுதி. அதில் நார் மிகக் குறைவு. ஆகவே, பரோட்டா மூன்று நாள் குடலில் கிடக்கும் என்று அஞ்சுகிறவர்கள் தலைகீழாக அஞ்சுகிறார்கள். பரோட்டாவில் பெரும்பகுதி அன்றிரவே இரத்தத்துக்குப் போய்விடுகிறது. உண்மையில் கடைசிவரை பயணம் செய்வது பாட்டி ஊட்டிய முருங்கைக்கீரையின் நாரும் கேப்பைத் தவிடும். அப்படிப் பயணம் செய்வதே அவற்றின் சிறப்பு. அவை நீரைப் பிடித்துவைத்து மலத்துக்குப் பருமன் தருகின்றன. பெருங்குடலில் வாழும் பல இலட்சம் கோடி நுண்ணுயிர்கள் அந்த நாரைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். பரோட்டாவை மட்டுமே உண்கிறவனுக்கு மலச்சிக்கல் வருவது மாவு ஒட்டுவதால் அன்று, தள்ளுவதற்குப் பருமன் இல்லாததால்.

இரண்டு வேளை உணவுக்கு இடையே குடல் சும்மா இருப்பதும் இல்லை. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை ஒரு வலுவான சுருக்க அலை சென்று, தங்கிய துணுக்குகளைக் கீழே தள்ளுகிறது. வெறும் வயிற்றில் கேட்கும் கடமுடா ஒலிக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். போதாததற்கு, சிறுகுடலின் உட்சுவர்ச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. ஒட்டுவதற்கு நிலையான சுவரே அங்கில்லை.

தெப்பக்குளம் வாசகி

பரோட்டாவுக்கு மேல் ஒரு ஜிகர்தண்டாவோ கோலி சோடாவோ குடித்தால் செரித்துவிடும் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். எனக்கோ ஜிகர்தண்டா குடித்த இரவெல்லாம் வயிறு உப்பிக்கொள்கிறது. இதற்கும் காரணம் சொல்ல முடியுமா?

மேலூர்ச் செவிலி

சகோதரி, சோடாவில் இருப்பது கரியமில வாயு. அது ஏப்பமாக வெளியேறும்போது அழுத்தம் குறைந்து இதமாகத் தோன்றும்; உணவு செரிப்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அந்த ஏப்பத்தோடு அமிலமும் மேலே வந்துவிடும்.

ஜிகர்தண்டாவில் காய்ச்சிச் சுண்டவைத்த பாலும் ஐஸ்கிரீமும் இருப்பதால் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை மிகுதி. குழந்தைப் பருவத்துக்குப் பிறகு லாக்டேஸ் நொதி குறைந்துவிடுவது தென்னிந்தியர்களில் பலருக்கு இயல்பான ஒன்று. அது நோய் அன்று. பிரிக்கப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களிடம் சிக்கி வாயுவாகிறது. தயிரும் மோரும் அதே ஆளுக்கு ஒத்துக்கொள்வது, புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பங்கு ஏற்கெனவே செலவாகிவிடுவதால்தான். பாதாம் பிசினும் செரிக்காத நார்ப்பொருளே. அதுவும் பெருங்குடல்வரை சென்று கொஞ்சம் வாயுவுக்கு வழிவகுக்கும். குறைந்த அளவில் குடித்துப் பாருங்கள்.

இரவில் நேரம் கழித்து உண்கிறவர்கள் உடனே படுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் உள்ள தசைவளையம் நிறைந்த வயிற்றோடு படுக்கும்போது எளிதில் கசியும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி நல்லது. முடியாதவர்கள் இடப்பக்கமாகப் படுக்கலாம். அப்போது இரைப்பையின் வாய் அமிலத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கும்.

ஒத்தக்கடை ஸ்டால்

கடைசியாக ஒரு சந்தேகம், கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சில வாடிக்கையாளர்கள் சாப்பிட்டு எழுந்த கால் மணி நேரத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள். உங்கள் பரோட்டா உடனே வெளியே வந்துவிட்டது என்று என் மீது குறையும் சொல்கிறார்கள்.

விலங்கியல் வாத்தியார், திருமங்கலம்

குறை உங்கள் கல்லில் இல்லை, தம்பி. இரைப்பை விரியும்போது நரம்புகளும் ஹார்மோன்களும் பெருங்குடலுக்குச் செய்தி அனுப்பி, அங்கே வலுவான தள்ளு அலைகளை எழுப்புகின்றன. மேலே புதிதாக வரவு வந்துவிட்டதால் கீழே இடத்தைக் காலி செய்யும் அனிச்சைச் செயல் அது. கைக்குழந்தைகள் பால் குடித்ததும் மலம் கழிப்பதும் இதனாலேயே. கொழுப்பு மிகுந்த உணவுக்கும் காலை வேளைக்கும் இந்த அனிச்சை வலுவாக இருக்கும். கால் மணி நேரத்தில் உங்கள் பரோட்டா இரைப்பையைக்கூடத் தாண்டியிருக்காது. வெளியேறியது அவர் நேற்றோ முந்தாநாளோ வேறெங்கோ உண்டதின் எச்சம். ஆனால், உண்ணும்போதெல்லாம் தண்ணீராகப் போகிறது, இரத்தம் கலந்து வருகிறது, எடை குறைகிறது என்று யாராவது சொன்னால், அவரை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

வைகை வடகரை (இழையைத் தொடங்கியவர்)

வாத்தியார் ஐயாவின் அயோடின் சோதனையை மகள் பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கப் போகிறாளாம். முடிவை இங்கேயே படத்துடன் இடுகிறேன். தெருக் குழுவுக்கும் அதையே அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.